சாவியை எடுத்த பிறகும்

இல்லை தோழி, உன் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. சந்தேகம்தான். இரண்டும் வேறு வேறு என்று நீதான் சொல்வாய். கோபம் கத்திவிட்டுப் போய்விடும். சந்தேகம் பானெட்டைத் திறந்து பார்க்கும்.

இன்று காலை திறந்தேன். வெயிலில் இளகிய வாஸ்லின் மணம். பேட்டரி ஒயர்களின் முனையில் பச்சை பூக்காமலிருக்க நீ தடவியது. அதே டப்பாவைத்தான் பனிக்காலத்தில் உதட்டுக்கும் தடவிக்கொள்வாய். மணம் வந்ததும் நீ பக்கத்தில் நிற்பதாக உடம்பு நம்பிவிட்டது. திரும்பிக்கூடப் பார்த்தேன்.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ உயிரோடு திரும்பவில்லை. நீ ஓட்டிய வாடகைக் கார் உங்கள் வீட்டை ஒட்டிய காலி மனையில் உறை போட்டு நிற்கிறது. உன் அம்மாவின் ஜன்னலுக்கு நேரே. சார்ஜ் போட்டால் கிளம்பும். சில நாளில் செத்துவிடும். பேட்டரி போச்சு என்றார் மெக்கானிக். புதுசு போட்டார்கள். அதுவும் செத்தது. அப்படியென்றால் டைனமோ, என்றார்.

"இதுக்கு மேல செலவு பண்ண முடியாதுக்கா, வித்துடலாம்" என்கிறான் உன் தம்பி. "அவலூர்பேட்டைல ஒரு பார்ட்டி இருக்குது. ஞாயித்துக்கெழம வர்றாரு."

அம்மாவுக்கு விற்க மனமில்லை. ஓடாத வண்டியை வைத்துக்கொள்ள ஒரு காரணமும் சொல்லத் தெரியவில்லை. ஆகவே எதுவும் பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும். வண்டி தானாகச் சாகிறதா, யாராவது சாகடிக்கிறார்களா.

நீயாக இருந்தால் இரண்டாவதைத்தான் முதலில் நினைப்பாய்.

ஓர் அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோவிலுக்குப் போனோமே. வண்டி நிறைய பெண்கள், மடியில் எலுமிச்சம்பழம். விடிந்து கிளம்பினால் வண்டி முனகக்கூட இல்லை. பார்க்கிங்காரன்தான் ஏதோ செய்துவிட்டான் என்று அவனிடம் சண்டைக்குப் போனாய். உள்ளே கூரை விளக்கு மங்கலாகச் சிவந்துகொண்டிருந்தது. யாரோ பழம் தேடிப் போட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். "ரெண்டு சாமிக்கும் தகராறு போல" என்றாள் ஒருத்தி, டாஷ்போர்டில் நீ வைத்திருந்த மாதா சிலையைக் காட்டி. நீ சிரிக்கவில்லை. வழியில் என்னிடம் சொன்னாய்: "மொதல்ல மீட்டரைக் கேளுடி. அப்பறம் மனுசனைக் கேளு." பார்க்கிங்காரனிடம் மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

ஆகவே மீட்டரைக் கேட்டேன்.

கரண்ட் அளக்கிற உன் மீட்டரை முனைகளில் வைத்தேன். ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டிருந்த பேட்டரி. பன்னிரண்டரை வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே. சரி. ஸ்டார்ட் செய்தேன். பதினாலைத் தாண்டி நின்றது. ஹெட்லைட் போட்டேன், ஃபேன் போட்டேன். இறங்கவில்லை. டைனமோ ஒழுங்காகச் சார்ஜ் ஏற்றுகிறது. மெக்கானிக் பார்க்காமலே சொல்லியிருக்கிறார். அல்லது சொல்லச் சொல்லியிருக்கிறார்கள்.

வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்தேன். கதவுகளைச் சாத்தினேன். மைனஸ் ஒயரைக் கழற்றி, அதற்கும் பேட்டரிக்கும் நடுவில் மீட்டரை வைத்தேன். தூங்குகிற வண்டி கரண்டைச் சொட்டுச் சொட்டாகத்தான் குடிக்க வேண்டும். இது வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தது.

உன் தம்பி வந்து நின்றான். "இன்னாக்கா, போஸ்ட்மார்ட்டமா?"

ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். குடிக்கிற ஒயரின் ஃப்யூஸைப் பிடுங்கினால் எண் இறங்க வேண்டும். எதற்கும் இறங்கவில்லை. அப்படியென்றால் ஃப்யூஸ் பெட்டிக்கு வராமல், பேட்டரியிலிருந்தே நேராக எடுத்திருக்கிறார்கள்.

யாரோ.

பிளஸ் முனையில் தேடினேன். மெல்லிய சிவப்பு ஒயர். கறுப்பு டேப் சுற்றியிருந்தது. உன் கைவேலை இல்லை. நீ டேப்பைப் பல்லால் கடித்து அறுப்பாய், நுனி நூல் நூலாக நிற்கும். இது கத்தரியால் வெட்டியது. அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் ஜன்னலைப் பார்த்தான்.

ஒயரைத் தொட்டுக்கொண்டே போனேன். டாஷ்போர்டுக்கு அடியில் நுழைந்து, மேலே ஏறி, மாதா சிலையின் பீடத்துக்குள் போனது. நீல மூடிக்குள் அந்தக் குண்டு பல்பு. எல்.இ.டி. போட்டால் மாதா முகம் வெளிறிப்போகும் என்று நீ பிடிவாதமாக வாங்கியது. வெயிலில் எரிவது தெரியவில்லை. கையைக் குவித்து மூடினேன். உள்ளங்கை நீலமானது. பீடம் சுட்டது.

சாவி போட்டால்தான் எரியும்படி நீ வைத்திருந்தாய். எனக்குத் தெரியும்.

"நீதான மாத்தின?"

"ஆமா."

"எதுக்கு?"

ஜன்னலிலிருந்து அம்மா பேசினார்.

"நான்தாம்மா சொன்னேன். சாவி போட்டாத்தான் எரியும்னா, சாவி போட யாரு இருக்கா? முப்பதாம் நாள் பூச வரைக்கும் அணையாம எரியட்டும்னு நேரா குடுக்கச் சொன்னேன்."

முப்பதாம் நாள் பூசை முடிந்து, மழைக்காலமும் போய்விட்டது. யாரும் கழற்றவில்லை. இரவில் உறைக்குள் நீலமாகத் தெரியுமாம். "அது எரிஞ்சா, அவ சவாரி முடிச்சி வந்து படுத்திருக்கற மாதிரி இருக்குது."

"அணைஞ்சா வண்டியும் கெளம்பாதே. கவனிக்கலியாம்மா?"

"கவனிச்சேன். சொன்னா புடுங்கிடுவீங்க."

"ஒரு குட்டி பல்புக்கா புது பேட்டரி சாவுது?" என்றான் உன் தம்பி.

"தெனம் ஓடுற வண்டின்னா ஓட்டத்துல ஏறிக்கும். இது நின்னுக்கினே எரிக்குது."

பேட்டரியைக் குனிந்து பார்த்தான். முகம் தெளிந்தது. "அப்போ டைனமோ நல்லாருக்குது. பேட்டரி புதுசு. பார்ட்டிகிட்ட இன்னும் நல்ல ரேட்டே கேக்கலாம்."

வண்டியைக் காப்பாற்ற வந்து அதற்கு நற்சான்று கொடுத்திருக்கிறேன். அவன் இதற்காகத்தான் என்னைத் தடுக்காமல் நின்றானா. அப்படியும் நினைத்தேன்.

அம்மா வெளியே வந்தார். வண்டியிடம் வந்ததில்லை, நீ போன பிறகு. கதவு வழியாகக் குனிந்து சிலையைப் பார்த்தார்.

"வண்டி ஓடினா, வெளக்கால கேடு இல்லயா?"

"இல்லம்மா."

"நீ ஓட்டுவியா?"

லைசென்ஸ் இருக்கிறது. நீ பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதுதான் ஓட்டியிருக்கிறேன். ஓட்டுவேன் என்றேன்.

"வண்டி குடுக்கறதில்லன்னு சொல்லிட்றா அந்த ஆளுகிட்ட" என்றார் மகனிடம்.

அவன் போனை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை நடந்தான். அங்கே நின்று பேசினான். எங்களுக்குக் கேட்காத தூரம். உண்மையில் சொன்னானா, ஞாயிற்றுக்கிழமைதான் தெரியும். அன்றைக்கு இங்கேயே இருப்பேன்.

உன்னிடமிருந்து எனக்கு வந்தது இந்தக் குணம்தான். பேட்டரியை, டைனமோவை, மெக்கானிக்கை, உன் தம்பியை, ஒரு கணம் உன்னையும் சந்தேகப்பட்டேன். அம்மாவிடம் மட்டும் அது போகவே இல்லை. அம்மாவைச் சந்தேகிக்காத இந்த ஓட்டையும் உன்னுடையதுதானா என்று கேட்க உன்னைத் தவிர ஆளில்லை.

ஒயரைப் பேட்டரியிலிருந்து எடுத்து, பழையபடி சாவியோடு சேர்த்தேன். டேப் சுற்றினேன். அம்மாவைப் பின்சீட்டில் உட்கார வைத்து, திருவண்ணாமலை ரோட்டில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தேன்.