கை தூக்கிப் பலப்படுத்திய பாலம்

கான்கார்டு
மார்ச் 19

அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். ஊரையே கைதட்ட வைத்த மனிதருக்கு என்ன குறை? போன் செய்தால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். பிடிக்காவிட்டால் அடுப்பில் போடுங்கள், ஆனால் கடைசிப் பத்தியை மட்டும் படித்துவிட்டுப் போடுங்கள்.

ஊர்க்கூட்டத்தில் நடந்தது இன்னும் எனக்கு ஆறவில்லை. மில் ஓடைப் பாலத்தின் அடி உத்திரங்கள் உளுத்துப் போயிருக்கின்றன. மாநிலப் பாலத் துறைப் பொறியாளனாகத் துளை போட்டுப் பார்த்தவன் நான். எந்த இடம் மோசம் என்று பழுது பார்க்க வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று சிவப்புப் பெயின்டால் அம்புக்குறி போட்டேன். எந்தப் பொறியாளனும் அப்படித்தான் போடுவான். ஆறு டன்னுக்கு மேல் எதுவும் போகக் கூடாது என்று பலகையும் வைக்கச் சொன்னேன். உத்திரம் மாற்ற ஊர் வரியிலிருந்து பணம் ஒதுக்கலாமா என்பதுதான் தீர்மானம். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

டெல்மர் எழுந்தார். நம் பக்கத்துப் பண்ணைக்காரர், மாடுகளைப் பற்றிப் பேசும்போது விவரமான மனிதர். மற்ற எதைப் பற்றிப் பேசினாலும் அமெரிக்கச் சுதந்திரப் போருக்கு முந்தைய காலத்துக்குப் போய்விடுவார். ஆரம்பித்தார் பழைய கதையை. இங்கிலாந்து ராஜாவின் ஆட்கள் நம் காட்டுக்குள் வந்து, உயரமான பைன் மரங்களில் கோடாலியால் அம்புக்குறி வெட்டினார்களாம். இதெல்லாம் ராஜாவின் கப்பலுக்குப் பாய்மரம், எவனும் தொடக் கூடாது என்றார்களாம். நம் ஊர்க்காரர்கள் தேடித் தேடி அந்த மரங்களையே வெட்டி, கேட்க வந்த அதிகாரியை அடித்துத் துரத்தினார்களாம். தொட்டிலில் கிடக்கும்போதே எனக்கு இது மனப்பாடம். பிறகு என்னைப் பார்த்துத் திரும்பினார்.

"நம்ம பாட்டன் முப்பாட்டனெல்லாம் ராஜா போட்ட அம்புக்குறிக்கே பயப்படல. எம்மெட் போட்ட அம்புக்குறிக்கா பயப்படப் போறோம்? உத்திரமும் வேணாம், வரியும் வேணாம். அந்தப் பலகையில ஆறுன்னு இருக்கறத பதினெட்டுன்னு திருத்தணும். இது என்னோட முன்மொழிவு."

மண்டபமே சிரித்தது. நீங்கள் கூட்டத் தலைவர், சுத்தியல் உங்கள் கையில் இருந்தது. மரக்கட்டை எவ்வளவு தாங்கும் என்பது ஓட்டுப் போடுகிற விஷயம் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் கையைத் தூக்கினேன். தலைநகர் கான்கார்டில் குடியிருக்கும் வெளியூர்க்காரன் ஊர் அனுமதித்தால்தான் பேசலாம் என்றீர்கள். ஊர் அனுமதிக்கவில்லை. அதோடு விட்டீர்களா? "ராஜாவோட ஆளு, கொஞ்சம் உக்காருப்பா" என்றீர்கள். பெற்ற மகனை. அப்புறம் கைகள் உயர்ந்தன, நீங்கள் சுத்தியலைத் தட்டினீர்கள், பாலம் மூன்று மடங்கு பலமாகிவிட்டது.

ஒவ்வொரு ஜூலையிலும் தேவாலயப் படியில் நின்று சுதந்திரப் பிரகடனத்தைத் தொண்டை கட்டும்வரை வாசிக்கிறீர்கள். மனிதர்கள் எல்லோரும் சமம், ஒப்புக்கொள்கிறேன். லாரிகள் சமம் இல்லை. மரத்தை வெட்டிய அந்த முன்னோர்கள் மரம் அறுப்பவர்கள். ஒரு தட்டுத் தட்டினால் எது உளுத்தது என்று அவர்களுக்குத் தெரியும். உங்கள் பதினெட்டைப் பார்த்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பார்கள். அதே மண்டபத்தில் கை தூக்கி, தங்களுக்குத் தாங்களே வரி போட்டுக்கொண்டு அந்த ஓடைக்கு முதல் பாலம் கட்டியதும் அவர்கள்தான். கதையின் அந்தப் பாதியை நீங்கள் யாரும் சொல்வதில்லை. கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கச் சொன்னால் ராஜா. பிள்ளைகளுக்குத் தடுப்பூசி என்றால் ராஜா. செத்து மண்ணாகிப் போன அந்த ராஜாவை நீங்கள்தான் சாகவிடாமல் வைத்திருக்கிறீர்கள். அவர் இல்லாவிட்டால் குனிந்து உத்திரத்தைப் பார்க்க வேண்டி வருமே.

சனிக்கிழமை நடந்ததை அம்மா சொன்னாள். நீங்களே புதுப் பலகையை மாட்டிவிட்டு, நீங்கள் எப்போதும் ஓட்டும் ஊர்த் தீயணைப்புத் தண்ணீர் லாரியைப் பாலத்தின் மேல் ஓட்டிக் காட்டினீர்களாம். அக்கரையில் டெல்மர் தொப்பியைக் கழற்றி ஆட்டினாராம். பாலம் தாங்கிவிட்டது, நான் தோற்றுவிட்டேன், அப்படித்தானே? லாரி காலி, அப்பா. தொட்டி நிறைந்தால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு எடை. நிஜமாகவே நெருப்புப் பிடித்தால் காலித் தொட்டியோடு யாரும் போக மாட்டார்கள். ஓட்டப்போவது டெல்மர் இல்லை, நீங்கள்.

அம்மா இன்னொன்றும் சொன்னாள். சொல்லக் கூடாது என்று யோசித்துவிட்டுத்தான் சொன்னாள். "உங்கப்பா இறங்குனப்போ கை நடுங்கிச்சுடா. யாரும் பாக்கறதுக்குள்ள பாக்கெட்டுல விட்டுக்கிட்டாரு."

அதைக் கேட்ட பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். உங்களுக்குத் தெரியும். பாலம் தாங்காது என்று உங்களுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். ஊர் கை தூக்கிவிட்டது, சுத்தியல் தட்டியது நீங்கள், இனி எப்படிப் பின்வாங்குவது என்று உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் உங்களை முட்டாள் என்று நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன். இது அதைவிட மோசம்.

பாலத்தை மூடச் சொல்லும் உத்தரவில் இன்று காலை கையெழுத்துப் போட்டுவிட்டேன். வியாழக்கிழமை வழியை அடைக்கக் கான்கிரீட் கட்டைகள் வரும். மேலிடத்திலிருந்து வந்த கொடுமை என்று ஊரில் சொல்லுங்கள், என் பெயரைச் சேர்த்தே சொல்லுங்கள், நீங்கள் பின்வாங்கினதாக யாரும் சொல்ல மாட்டார்கள். டிராக்டரைக் கொண்டுவந்து அந்தக் கட்டைகளை மட்டும் நகர்த்தாதீர்கள். அதற்குள் தீயணைப்புச் சைரன் அடித்தால் மலைச்சாலையில் சுற்றிப் போங்கள். ஏன் தாமதம் என்று கேட்டால், பனி உருகி ஓடைக்கரை சரிந்து கிடந்தது என்று சொல்லுங்கள். நம்புவார்கள். யாரையும் பொய் சொல்லச் சொல்லி இதுவரை நான் கேட்டதில்லை, இப்போது கேட்கிறேன். டெல்மரின் மாட்டுக் கொட்டகை எரிந்தால் எரியட்டும், புதிதாகக் கட்ட நானே லீவு போட்டு வந்து ஆணி அடிக்கிறேன். அடுத்த மார்ச்சில் அதே மேடையில் நின்று என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன், வாயைத் திறக்க மாட்டேன். திட்டுவதற்கு நீங்கள் வந்தால் போதும்.

உங்கள் மகன்,
எம்மெட்