இண்டூர்ப் பையனின் சங்கிலி

12-3-1971, வெள்ளி

இண்டூர்ப் பையன் பிழைத்துக்கொண்டான். இதை எழுதினால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

காலையில் காய்ச்சல், வாந்தி, தலைவலி என்று தூக்கி வந்தார்கள். கழுத்து விறைத்துக் கிடந்தது. அதில் பெரியவர்கள் போடும் தங்கச் சங்கிலி வேறு.

"மொதல்ல இதைக் கழட்டும்மா" என்று அவன் அம்மாவிடம் எரிந்து விழுந்தேன்.

முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தேன். கலங்கியிருந்தால் சீழ் வைத்த மூளைக்காய்ச்சல். நல்லவேளை, தெளிவாக இருந்தது. ஆனால் காசநோய் மூளைக்குப் போனாலும் தெளிவாகத்தான் இருக்கும். அந்தப் பயம் விடவில்லை.

திரும்பினால், அம்மா மறுபடியும் சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எதுக்கும்மா இது?"

"போன வாரம் பொன்னுக்கு வீங்கி வந்துச்சுங்க, அதுக்குப் போட்டதுங்க. கன்னத்து வீக்கம் வடிஞ்சிருச்சு, நாந்தான் பயந்துக்கிட்டு கழட்டலைங்க."

எனக்கு உயிர் வந்தது. அதே கிருமிதான் மூளையுறைக்கும் போயிருக்கிறது. தானாகவே அடங்கிவிடும். லேப் முடிவும் அதற்கு ஒத்துவந்தது. சாயங்காலம் பையன் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டான்.

"இப்பக் கழட்டிறட்டுங்களா?" என்றாள் அம்மா.

"வேண்டாம்மா. வூட்டுக்குப் போற வரைக்கும் கெடக்கட்டும்."

நர்ஸ் என்னையே பார்த்தாள். நானா அப்படிச் சொன்னேன்?