இரண்டு பங்கு

அன்புள்ள அக்காவுக்கு,

ஆறு வருடமாக உன்னோடு பேசாத தம்பி எழுதுகிறேன். கிழித்துப் போடுமுன் பாதியாவது படி.

மின்யாவில் நம் காப்டிக் கிறிஸ்தவக் கோயிலுக்கு நான் வாங்கித் தந்த சரவிளக்கைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. அந்த வெளிச்சத்தில் என் வழுக்கைதான் முதலில் தெரிகிறதாம். என் மனைவி இரீனி சொல்கிறாள்.

அதன் கீழேதான் போன ஞாயிறு என் மானம் போனது. நற்கருணை வாங்க நின்றபோது, பாதிரியார் அபூனா பக்தூர் குனிந்து, "இன்னிக்கு வேணாம்பா. அக்காகிட்ட சமாதானமாயிட்டு வா," என்றார்.

"சாமி, விளக்கு குடுத்தவன் நான்!"

"விளக்கு நல்லாத்தான் எரியுது. நீ போயிட்டு வா."

பின்னால் நின்ற எண்ணெய்க்கடை ஹக்கீம் இருமுவதுபோல் சிரித்தான்.

அப்பாவின் பேரீச்சந்தோப்பு வழக்கில், "உங்க சபை முறையா, நாட்டுச் சட்டமா?" என்று நீதிபதி கேட்டாரே. சபை முறையில் நமக்குச் சமபங்கு. எகிப்துச் சட்டத்தில் ஆணுக்கு இரண்டு பங்கு, பெண்ணுக்கு ஒன்று. "சட்டந்தாங்க ஐயா," என்றேன். நீ என் மணிக்கட்டில் பச்சை குத்திய சிலுவையையே பார்த்தாய்.

வியாழனன்று என் நெஞ்சைத் திறக்கப் போகிறார்கள். டாக்டர் சின்ன வேலை என்கிறார். இரீனி சமையலறையில் போய் அழுகிறாள். அதற்குள் நற்கருணை வாங்கியாக வேண்டும்.

நேற்று உன் பங்கைத் திருப்பி எழுதித்தரப் பத்திர அலுவலகம் போனேன். கையெழுத்துப் போடும் நேரத்தில் இந்த வருடக் காய்ப்பு நினைவுக்கு வந்தது. வயிற்றைக் கலக்குகிறது என்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

தனியாகப் போனால் நாளையும் ஓடி வருவேன், அக்கா. செவ்வாய்க்குள் வந்து, என் காதைப் பிடித்து அங்கே இழுத்துப் போ.

உன் தம்பி