ஓடையின் மேல்பக்கம் நின்றவளுக்கு

போன வாரம் பள்ளியில் புவியியல் சாமான் அறையைத் திறந்தேன். ஈரம் காயாமல் சுருட்டி வைத்த கயிற்றின் வாடை முகத்தில் அடித்தது. அலமாரியின் கீழ்த்தட்டில் உன் ரப்பர் சப்பாத்து கிடந்தது. குதிகாலில் ஒட்டியிருந்த ஆற்றுச் சேறு வெளுத்து வெடித்திருந்தது. முகாமுக்கு வேண்டிய அளவு நாடாவையும் கம்பங்களையும் எடுக்கத்தான் போனேன். அன்று எதையும் எடுக்காமல் கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.

நீ போன பிறகு நடக்கும் முதல் முகாம் இது. இப்போது அங்கிருந்துதான் எழுதுகிறேன். விடிந்துவிட்டது, பிள்ளைகள் இன்னும் எழவில்லை. கோலா கங்சாரைத் தாண்டி வரும் அதே பழைய தோட்டம். ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. நாம் தங்கும் கட்டடத்துக்குப் புதுக்கூரை போட்டிருக்கிறார்கள். ஓடை மட்டும் மலையிலிருந்து அப்படியேதான் இறங்கி வருகிறது.

தர்ஷினியை உனக்கு நினைவிருக்கும். நான்காம் படிவத்தில் படித்தாள், கூச்சக்காரி. அப்பா சிங்கப்பூரில் லாரி ஓட்டினார். அம்மா ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. மகளை ஓர் இரவுகூட வெளியே தங்கவிட்டதில்லை என்று அந்த அம்மா முகாமுக்கு மறுத்துவிட்டார். வேறு ஆசிரியர்களாக இருந்தால் சரி என்று விட்டிருப்பார்கள். நீ என்னையும் இழுத்துக்கொண்டு அவர்களுடைய அடுக்குமாடி வீட்டுக்குப் போனாய். பிள்ளைகள் எங்கே படுப்பார்கள், என்ன சாப்பிடுவார்கள், யார் காவல் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாய். கடைசியில் அந்த அம்மா மகளின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

அந்த வருட முகாமின் இரண்டாம் நாள் ஓடையை அளந்தோம். வானம் வெளுத்துக் கிடந்தது. நீ ஐந்து மாணவிகளோடு முழங்கால் தண்ணீரில் நின்றாய். ஆரஞ்சுப் பழத்தை மிதக்கவிட்டு, அது ஒரு கம்பத்திலிருந்து அடுத்த கம்பத்துக்குப் போகிற நேரத்தை அவர்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் கரையில் கயிற்றோடு இருந்தேன். தண்ணீர் சட்டென்று நிறம் மாறியதை நீதான் முதலில் பார்த்தாய். சருகும் குச்சியும் கூட்டமாக வரத் தொடங்கின.

"சாமான அப்படியே போடுங்க. எல்லாரும் கரைக்கு ஏறுங்க," என்றாய். நீ கத்தவில்லை. ஆனால் உன் குரலைக் கேட்டதும் நான் கயிற்றுச் சுருளைப் பிரிக்கத் தொடங்கினேன்.

நான்கு பேர் ஏறிவிட்டார்கள். தர்ஷினியின் கால் இரண்டு கற்களுக்கு நடுவே சிக்கிக்கொண்டது. நீ திரும்பி அவளிடம் போனாய். காலை விடுவித்து, பக்கத்தில் இருந்த பெரிய பாறைமேல் அவளை ஏற்றி, நீயும் தொற்றி ஏறினாய். அடுத்த மூச்சில் தண்ணீர் வந்துவிட்டது. இங்குள்ளவர்கள் அதைக் 'கெப்பாலா ஆயர்' என்பார்கள். மலையில் பெய்த மழையெல்லாம் திரண்டு ஒரே பாய்ச்சலாக இறங்கும் வெள்ளம். எங்களுக்கும் உங்களுக்கும் இடையே காப்பி நிறத்தில் ஒரு சுவர் ஓடியது.

முகாம் காவலர் ஓடிவந்தார். கயிற்றை மரத்தில் கட்டி வீசினோம். நீ அதைப் பிடித்து உங்கள் இருவர் இடுப்பிலும் கட்டினாய், ஆனால் இறங்கவில்லை. அவளை அணைத்தபடி ஏதோ பேசிக்கொண்டே இருந்தாய். இரைச்சலில் எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்றுகூட நினைவில்லை. உன் மாதாவையும் சேர்த்துத்தான் கூப்பிட்டிருப்பேன்.

வெள்ளம் வடிந்து நீங்கள் கரையேறிய பிறகு, என்ன பேசினாய் என்று கேட்டேன். பாறையில் ஒரு வெள்ளைக் கோடு இருந்ததாம். தண்ணீர் அதைத் தொடுகிறதா, எவ்வளவு கீழே இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துச் சொல்லும்படி அவளிடம் கேட்டுக்கொண்டே இருந்தாயாம். "அழறதுக்கு நேரம் கொடுக்கல," என்றாய்.

உடனே அவள் அம்மாவுக்குப் போன் செய்யலாம் என்றேன். நீ ஈர உடையை மாற்றிக்கொண்டிருந்தாய்.

"போன்ல சொல்லிட்டா அந்த அம்மா முகத்த யாரு பாக்குறது? வா, நேர்ல போலாம்."

மற்ற ஆசிரியர்களிடம் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு, தர்ஷினியைக் கூட்டிக்கொண்டு ஈப்போவுக்குப் போனோம். நீ உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாய். ஓடையில் இறங்கச் சொன்னது நீதான் என்பதையும் சொன்னாய். அந்த அம்மா மகளின் கணுக்காலில் இருந்த சிராய்ப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவளைக் குளிக்கப் போகச் சொன்னார்.

"எனக்குக் கோவம் வருது டீச்சர்," என்றார். "வேற யாராச்சும் வந்து சொல்லியிருந்தா இன்னும் வந்திருக்கும்."

நமக்குத் தேநீர்கூடக் கொடுக்கவில்லை. இனி முகாமே இருக்காது என்று நான் நினைத்தேன்.

மறுநாள் காலையில் யாருடைய காரிலோ அந்த அம்மா முகாம் வாசலில் வந்து இறங்கினார். கூடவே தர்ஷினி. அளக்கும் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தேன் என்று அவள் சாப்பிடாமல் அழுதாளாம். அம்மா வேலைக்கு லீவு போட்டுவிட்டார். அன்று முழுக்கக் கரையில் குடை பிடித்து உட்கார்ந்து, நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் தண்ணீரில் இறங்கவில்லை. கரையின் சரிவை மட்டும் அளந்தோம். மாலையில் நீ போய் அவர் பக்கத்தில் அமர்ந்தாய். பொட்டலத்தை அவர் உன்னிடம் நீட்டினார். நீ வாங்கிச் சாப்பிட்டாய்.

அதன் பிறகுதான் ஓடையில் இறங்கும்போதெல்லாம் மேல்பக்கத்தில் ஓர் ஆசிரியர் விசிலோடு நிற்க வேண்டும் என்ற வழக்கத்தைக் கொண்டுவந்தாய். முகாமை நிறுத்தச் சொன்னவர்களிடம் அதைச் சொல்லித்தான் மீண்டும் அனுமதி வாங்கினாய். நிற்கும் வேலையை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. போன வருடம் சிகிச்சைக்கு நடுவிலும் வந்தாய். தலைமுடி கொட்டியிருந்தது, துணி கட்டியிருந்தாய். பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து போடும்படி என்னிடம் சொன்னாய்.

"வீட்ல சும்மா உக்காந்திருக்கேன்ல. இங்க உக்காந்தா ஒரு உபயோகமாச்சும் இருக்கும்லா."

அன்று நீ தண்ணீரை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. நான் உன்னை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

உன் அடக்கத்துக்குத் தர்ஷினி வந்திருந்தாள். பல் மருத்துவமனையில் தாதியாக இருக்கிறாள். புவியியலுக்கும் அவளுக்கும் இப்போது சம்பந்தமில்லை. அவள் அம்மாவும் வந்திருந்தார். தேவாலய வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

இந்த வருடம் முகாம் வேண்டாம் என்றுதான் இருந்தேன். நீ இல்லாமல் எனக்குத் துணிவில்லை. மாணவர்கள் வந்து வந்து கேட்டார்கள். பிறகு ஒருநாள் விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

முந்தாநாள் பள்ளி வாசலில் பேருந்து கிளம்பும் நேரம். ஒரு மாணவியின் அப்பா என்னிடம் வந்தார். மகளுக்கு மூச்சிழுப்பு உண்டாம்.

"இங்க யாரு டீச்சர் பொறுப்பு?" என்று கேட்டார். நான் என்னை அறியாமல் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை.

"நாந்தாங்க," என்றேன்.

இத்தனை வருடங்களில் அந்தச் சொல்லை நான் சொன்னதே இல்லை. அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு மகளின் இழுப்பு மருந்துக் குழாய்கள் இரண்டில் ஒன்றை என் உள்ளங்கையில் வைத்து, அதன்மேல் என் விரல்களை மூடினார். அதை நான் தோள்பைக்குள் போடவில்லை. மேல்சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். குனியும்போதெல்லாம் ஒரு கையால் பிடித்துக்கொள்கிறேன். உள்ளே அந்தப் பிள்ளை சீராக மூச்சுவிட்டுத் தூங்குகிறாள். சற்றுமுன் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.