ஆறு காலிப் படிவங்கள்

ஜூன் 4, செவ்வாய்

இன்று ஒரே நாளில் ஆறு மாதம் வாழ்ந்து முடித்தேன். ஜனவரி முதல் ஜூன் வரை, மாதத்துக்கு ஒன்றாக ஆறு மென்டர் சந்திப்புப் படிவங்கள், ஒரே மூச்சில். பிப்ரவரிக்கு நீலப் பேனா, மார்ச்சுக்குக் கறுப்பு. எனக்கு இவ்வளவு திறமை இருப்பது எனக்கே தெரியாது.

எல்லாம் நத்தைக்காரிக்காக. ஆற்று நத்தைகளை ஆராயும் மாணவி. அவள் துறையிலேயே அவளுக்கு ஒரு கைடு இருக்கிறார். கைடிடம் சொல்ல முடியாததைச் சொல்வதற்கென்று வேறு துறையிலிருந்து ஒரு மென்டர். அது நான், புள்ளியியல் துறையில் மூன்று வருடமாக நிரந்தரமாகாத உதவிப் பேராசிரியை. ஜனவரியில் கேன்டீனில் பத்து நிமிடம் பார்த்தோம். மார்ச்சில் மறுபடி பார்க்கலாமா என்று கேட்டிருந்தாள். அடுத்த வாரம் என்றேன். அந்த அடுத்த வாரம் இன்னும் வரவில்லை.

அவள் கையெழுத்துக்குக் கவலை இல்லை. அந்தப் பத்து நிமிடத்திலேயே ஆறு காலிப் படிவத்திலும் வாங்கிவிட்டேன். இந்த வித்தை என் மென்டரிடம் கற்றது. ஆமாம், புது ஆசிரியர்களுக்கும் ஒரு மென்டர் உண்டு. எதைக் கேட்டாலும் ‘ஆகட்டும், பார்க்கலாம்’ என்பதால் அக்கா அவருக்கு ஆகட்டும் சார் என்று பெயர் வைத்திருக்கிறாள். அவர் என்னிடம் காலிப் படிவங்களை நீட்டியபோது, கையெழுத்து போடவேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டிருந்தார். நானும் நத்தைக்காரிக்கு அப்படியே போட்டுக் கொடுத்தேன்.

‘இடர்ப்பாடுகள்’ என்ற கட்டத்தில் ஆறிலும் ‘எதுவும் இல்லை’. ஏதாவது உண்டு என்று எழுதினால் இரண்டு பக்க இணைப்பு நிரப்ப வேண்டும். யாரால் முடியும்?

ஜூன் 6, வியாழன்

கொடுத்தாயிற்று. நேரத்துக்குக் கொண்டுவந்த ஒரே ஆள் நான்தான் என்று அலுவலகப் பெண்மணி பாராட்டினார். வெட்கமாக இல்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஜூன் 21, வெள்ளி

இரண்டாவது கட்டுரையும் ஏற்கப்பட்டது. பணி நிரந்தரத்துக்கு இனி ஒரு குறையும் இல்லை. ஜூலை 24 அன்று அதற்கான குழு கூடுகிறது. ஆனாலும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மெயிலைத் திறக்கிறேன், மூடுகிறேன். கழுவிய கோப்பையையே மறுபடி கழுவுகிறேன்.

ஜூலை 9, செவ்வாய்

நத்தைக்காரி என் அறைக்கு வந்தாள். கையில் ஒரு கடிதம். கைடு அவளுடைய மூன்றாவது அத்தியாயத்தை ஐந்து மாதமாகத் திருப்பித் தரவில்லையாம். அதனால் ஆறு மாதம் கால நீட்டிப்பு கேட்டிருக்கிறாள். ஆராய்ச்சிக் குழு மறுத்துவிட்டது. காரணம் ஒரே வரி: மாதந்தோறும் மென்டரைச் சந்தித்து, இடர்ப்பாடு எதுவும் இல்லை என்று மாணவியே கையெழுத்திட்டிருக்கிறார். பத்தொன்பதாம் தேதிக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதுவும் தோற்றால் பதிவு ரத்து. நான்கு வருட உழைப்பு, எண்ணூறு சீசா நத்தை, எல்லாம் போச்சு.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அவள் கேட்டது இவ்வளவுதான்:

"அந்தப் படிவத்துல நான் என்ன சொல்லியிருக்கேன்னு ஒரு தடவ பார்க்கலாமா மேடம்?"

நகல்கள் என் மேசை டிராயரில்தான் இருந்தன. ஆபீசில் இருக்கிறது என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

ஜூலை 10, புதன்

அக்காவிடம் சொன்னேன். இந்த வீட்டில் நானும் அவளும் மட்டும்தான். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டாள். எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள், எனக்கும் தலைக்கு மேல் வேலை என்றேன். அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"பல்ஸ் பார்க்காமலே சார்ட்டுல எழுபத்திரண்டுன்னு எழுதுறவங்க எங்க வார்டுலயும் உண்டுடி. பேஷன்ட் நல்லா இருக்கிற வரைக்கும் யாருக்கும் தெரியாது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. உனக்கென்ன, உன் வேலை நிரந்தரம் என்று கத்தினேன். அவள் காலரைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

ஜூலை 11, வியாழன்

ஆகட்டும் சாரைப் பார்த்தேன். கதவைச் சாத்திவிட்டு முழுவதையும் கேட்டார்.

"இருபத்துநாலாம் தேதி வரைக்கும் வாயைத் திறக்காதீங்கம்மா. உங்க ஃபைல் முடியட்டும். அப்புறம் அந்தப் பொண்ணுக்காக நானே பேசுறேன்."

மேல்முறையீடு பத்தொன்பதோடு முடிகிறதே என்றேன். ஆகட்டும், பார்க்கலாம் என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. என் மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார். நாங்கள் இருவரும் உட்கார்ந்து பேசியது இந்த வருடத்தில் இதுதான் முதல் தடவை என்பது வெளியே வந்தபிறகுதான் உறைத்தது. எங்கள் படிவங்களின்படி இது ஏழாவது.

ஜூலை 12, வெள்ளி

முடியல. வகுப்புல ஒரே சமன்பாட்டை ரெண்டு தடவை எழுதியிருக்கேன், பிள்ளைங்க சொல்லித்தான் தெரிஞ்சது. அவ ஒரு வார்த்தை தப்பா பேசலையே. பேசியிருக்கலாம் இல்ல? உண்மையைச் சொன்னா என் வேலை போகுமா — போகலாம். சொல்லலேன்னா அவளோட நாலு வருஷம்? அது ‘போகலாம்’ இல்ல, ‘போகும்’. இந்தக் கணக்கைத்தானே ஊருக்கெல்லாம் சொல்லிக்குடுக்கிறேன்?

ஜூலை 15, திங்கள்

ஆராய்ச்சிக் குழுவுக்குக் கடிதம் எழுதினேன். முதல் வரைவில் ‘சில மாதங்களில் சந்திப்புகள் முறையாக நடைபெற இயலாமற்போனது’ என்று இருந்தது. படித்துப் பார்த்தால் யாரோ மூன்றாம் மனிதர் செய்த தப்பு மாதிரி இருந்தது. கிழித்தேன். இரண்டாவதில் என் வேலைப்பளுவுக்கே ஒரு பத்தி. அதையும் கிழித்தேன்.

கடைசியில் மூன்றே வாக்கியம். ஜனவரிக்குப் பிறகு மாணவியை நான் சந்திக்கவில்லை. ஆறு கையெழுத்துகளும் காலிப் படிவங்களில் நான் கேட்டு வாங்கியவை. ‘எதுவும் இல்லை’ என்று எழுதியது நான்.

ஆகட்டும் சாருக்கு நான் காலிப் படிவத்தில் போட்டுக் கொடுத்த ஆறு கையெழுத்தைப் பற்றி எழுதவில்லை. என் கணக்கை மட்டும் தீர்ப்போம் என்று நினைத்தேன். அது நேர்மையா, பயமா? தெரியவில்லை.

அலுவலகப் பெண்மணி முதல் வரியைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு முத்திரை குத்தினார். கடித நகலையும் டிராயரில் இருந்த ஆறு நகல்களையும் நத்தைக்காரியின் ஆய்வகத்தில் கொண்டுபோய் அவள் கையிலேயே கொடுத்தேன். ஒன்றொன்றாகப் படித்தாள். "ஏப்ரல்ல நான் ‘உற்சாகமா’ இருந்திருக்கேன்" என்றாள்.

ஜூலை 24, புதன்

என் நிரந்தரம் ஒரு வருடம் தள்ளிவைக்கப்பட்டது. அதுவரை மென்டராக இருக்கும் தகுதியும் கிடையாது.

உண்மையைச் சொல்லிவிட்டால் மனசு லேசாகும் என்று நினைத்திருந்தேன். ஆகவில்லை. அழுகைதான் வந்தது. அக்கா இஸ்திரி போட்டு முடித்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டாள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

நூலகப் படிக்கட்டில் நத்தைக்காரி. ஆறு மாதம் கிடைத்துவிட்டதாம். மூன்றாவது அத்தியாயமும் திரும்பி வந்துவிட்டது, பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையுடன்.

அதன் பிறகு இதையும் சொன்னாள். "மென்டரா இருக்கக் கூடாதுன்னு உங்களை நிறுத்தாம இருந்திருந்தாலும், நான் வேற மென்டர்தான் கேட்டிருப்பேன் மேடம். தப்பா எடுத்துக்காதீங்க."

எடுத்துக்கொள்ளவில்லை என்றேன். எடுத்துக்கொண்டேன். வீடு வரை நடந்தே வந்தேன், பாதி வழியில்தான் அவள் சொன்னது சரி என்று பட்டது.

ஆகஸ்ட் 19, திங்கள்

காலையில் என் மேசையில் ஒரு உறை. ஜூலை முதல் டிசம்பர் வரை ஆறு படிவங்கள். நிரந்தரமாகாதவர்களுக்கு இன்னொரு வருடம் மென்டர் கட்டாயம். அதே ஆகட்டும் சார். ஆறிலும் கீழே, பென்சிலால் சின்னப் பெருக்கல் குறி.

ரப்பரை எடுத்து ஆறு குறிகளையும் அழித்தேன். ஆகஸ்ட் படிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். பூட்டியிருந்தது. எப்போது பார்க்கலாம் சார் என்று செய்தி அனுப்பினேன். ஆகட்டும், பார்க்கலாம் என்று வந்தது. தாழ்வாரத்தில் கிடந்த நாற்காலியை இழுத்து அவர் கதவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம், ஒருமுறைகூட எழுந்திருக்கவில்லை.

வந்தவர் என்னைப் பார்த்துத் திகைத்துப்போனார்.

"என்னம்மா?"

"ஆகஸ்ட் மாசச் சந்திப்பு சார்."

சாவிக்கொத்தில் சாவியைத் தேடினார். பிறகு கதவைத் திறந்து, எதிர் நாற்காலியில் இருந்த புத்தகங்களை எடுத்துக் கீழே வைத்தார். இடர்ப்பாடுகளுக்கான அந்த இரண்டு பக்க இணைப்பையும் நான் கையோடு கொண்டுபோயிருந்தேன்.