இருபத்தெட்டு அங்குல வாசல்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, மாடியில் உன் அத்தை, மூவரும் சௌக்கியம். சௌக்கியம் கெட்டது ஒரு சுவருக்கு மட்டும்தான், அதற்கும் இப்போது குணமாகிவிட்டது. நீ அங்கே சமையலறைச் சுவரை இடித்துப் பெரிதாக்கப் போவதாகச் சொன்னாய் அல்லவா, அதனால் என் மானம் போனாலும் பரவாயில்லை என்று இதை எழுதுகிறேன்.

முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா வாக்கரை விடவே மாட்டேன் என்றாள். டாக்டர் தூக்கிப் போடச் சொல்லி ஒரு மாதம் ஆகியிருந்தது. படுக்கையறையிலிருந்து குளியலறைக்கு ஹால், சமையலறை எல்லாம் சுற்றிப் போக முப்பத்தோரு அடி. அந்த நடைக்குப் பயந்து சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரே குடிக்காமல் இருந்தாள். அது எனக்குப் பொறுக்கவில்லை. அவள் உன் சித்தி வீட்டுக்கு இரண்டு வாரம் போன நேரமாகப் பார்த்து, இரண்டு அறைக்கும் நடுவிலிருக்கும் கான்கிரீட் சுவரில் நேராக ஒரு வழி வெட்டி அசத்திவிடலாம் என்று கிளம்பினேன். வாக்கரின் அகலம் இருபத்தாறு அங்குலம், பக்கத்துக்கு ஒன்று தாராளம், ஆக இருபத்தெட்டு. எதைக் கேட்டாலும் "சின்ன வேலை சார்" என்பாரே, அந்தச் சின்னவேலை மேஸ்திரிதான் வந்தார். அத்தையிடம் பெயின்ட் வேலை என்று சொல்லி வைத்தேன். மேஸ்திரி கோடு போட்டு மேல்பக்கமாக உடைத்துக்கொண்டே போனார், பாதி நாள்கூட ஆகவில்லை, மாடிக் குளியலறையிலிருந்து அத்தையின் குரல்: "டேய், கதவு திறக்க மாட்டேங்குதுடா, கீழ என்னத்தடா பண்ணித் தொலைச்ச?" நான் ஓடிப்போய் வெளியிலிருந்து தள்ளினேன், மேஸ்திரியும் தள்ளினார், கதவு அசையவில்லை. அத்தை உள்ளிருந்தபடியே என் சின்ன வயசுக் குற்றங்களை எல்லாம் வரிசையாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள், மேஸ்திரி ரசித்துக் கேட்டார்.

அடுத்த தெரு இன்ஜினியர் பெண்ணைக் கூப்பிட்டேன். ஸ்கூட்டரை நிறுத்தும்போதே, "முதல்ல சுத்தியலைக் கீழ வைங்க. இது தடுப்புச் சுவர் இல்ல சார், மாடியே இது மேலதான் உக்காந்திருக்கு, அது இறங்கித்தான் கதவு இறுகிடுச்சு" என்றாள். மாடி என்றால் உன் அத்தையும்தானே. சுவருக்கு இரண்டு பக்கமும் இரும்பு முட்டுகளை நிறுத்தி, அவற்றின் திருகைக் கால் சுற்று கால் சுற்றாக ஏற்றினாள். ஒவ்வொரு சுற்றுக்கும் நான் மாடியைப் பார்த்து "இப்போ அக்கா?" என்று கத்த வேண்டும், "இல்லடா தடியா" என்று பதில் வரும். ஆறாவது சுற்றில் பதில் வரவில்லை, அத்தையே ஈரத் தலையோடு நேரில் வந்துவிட்டாள். அதற்குப் பிறகு நடந்ததை எழுத மாட்டேன்.

அப்புறம்தான் முறையான வேலை. முட்டுகள் பாரத்தைத் தாங்கிக்கொண்டிருக்க, தண்ணீர் விட்டு ரம்பத்தால் நேராக அறுத்து, அந்த வழிக்குள்ளேயே கனமான இரும்புச் சட்டத்தை நிறுத்தி, சுவரோடு போல்ட் போட்டு, மேலே இருந்த இடுக்கில் சுருங்காத சிமென்ட் கலவையை இறுக்கி அடைத்தார்கள். ஒரு வாரம் கழித்தே முட்டுகளை எடுத்தார்கள். அத்தை மேலே திம் திம் என்று நடந்து சோதித்துப் பார்த்தாள். இதற்கு நடுவில் அந்தப் பெண் என்னிடம் ஏதோ கேட்டாள், நான் திருகை வேடிக்கை பார்த்துக்கொண்டே "பரவாயில்லம்மா" என்று தலையாட்டினேன். அவள் கேட்டது, "சட்டம் வச்சா பக்கத்துக்கு நாலு அங்குலம் குறையும், பரவாயில்லையா?"

அம்மா வந்தாள். நான் குளியலறைக்குள் புது மாப்பிள்ளை மாதிரி நின்று "வா" என்றேன். வாக்கர் சட்டத்தில் டங் என்று முட்டியது. மறுபடி டங். "யாரு எடுத்த அளவு இது?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அதுதான் தப்பு. "சிரிக்கிறீங்களா? இதோ வரேன்" என்று இரண்டு பக்கமும் இரும்பைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று வந்து என் காதைத் திருகினாள். திருகி முடித்த பிறகுதான் இருவருமே பார்த்தோம், வாக்கர் அந்தப் பக்கம் தனியாக நின்றது. "அதை எடுத்துக் குடுங்க" என்றாள் மெதுவாக. "அது நுழையாதே" என்றேன். இப்போது ராத்திரி படுக்கப் போகும்முன் ஒரு சொம்பு தண்ணீர் குடிக்கிறாள்.

ஆகவே கண்ணு, சுவரில் கை வைக்குமுன் அதன் மேல் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்தவரிடம் கேள். நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருங்கள். இன்னொன்று: டாக்டரோடு பேசி வேண்டுமென்றேதான் வழியைக் குறுக்கினேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அவள் நம்பவில்லை. போன் செய்யும்போது நீயாவது நம்பிய மாதிரி பேசு.

இருபது அங்குல வாசலில் வயிற்றை எக்கிக்கொண்டு போய்வரும்
உன் அப்பா