சிவப்புப் புள்ளி

அன்புள்ள மச்சானுக்கு, மஸ்கட்டிலிருந்து அனிட்டா எழுதுவது.

நான் நலம். உங்கள் முதுகுவலி தேவலையா? போனில் பேசினால் சண்டையில்தான் முடியும், அதனால் எழுதுகிறேன்.

கீழ்வேளூர் திருவிழாவில் நம் ஆர்க்கெஸ்ட்ரா வாசித்த வீடியோ பார்த்தேன். எனக்குப் பதிலாக வந்த ரோஸ்லின் என் பாட்டு நோட்டை வைத்துக்கொண்டு அந்தப் பழைய சோகப் பாட்டுகளைப் பாடுகிறாள். நல்ல குரல்தான். மேலே போகும்போது என்னைவிடச் சுத்தமாகவே இருக்கிறது. பார்த்துக்கொண்டே இருந்ததில் அடுப்பில் சோறு தீய்ந்துவிட்டது. "என்னடி, புருஷன் ஞாபகமா?" என்று அறையில் கூட இருக்கும் பாத்திமா மேரி கேட்டாள். சிரித்துவைத்தேன்.

பாடும்போது, கீபோர்டு வாசிக்கிற உங்களை எந்த வரியில் திரும்பிப் பார்ப்பது என்று அந்த நோட்டில் சிவப்புப் புள்ளி வைத்திருந்தேன். ரோஸ்லின் ஒரு புள்ளிகூட விடாமல் திரும்புகிறாள்.

பாத்திமா மேரியின் தம்பி பத்தாம் தேதி இங்கே வருகிறான். நார்த்தங்காய் ஊறுகாயும் என் நோட்டும் அவனிடம் கொடுத்துவிடுங்கள். ஊறுகாய் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

டூட்டி வண்டி வந்துவிட்டது, கிளம்புகிறேன். அந்தப் புள்ளி எதற்கென்று நம் இருவருக்கு மட்டும்தானே தெரியும்? அவளுக்கு யார் சொன்னது?

அனிட்டா